மேலண்டைக் கட்சி, கீழண்டைக் கட்சி

தாமோதரன் ஏரியிலிருந்து வந்து தோளிலிருந்த வலையை இறக்குவதற்குள் தேவகி பையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். பையில் புடவைகள், சீப்பு, போன் சார்ஜர்.

"எங்க கெளம்பிட்ட?"

"இன்னா எங்க? தேர்தல் சொல்லிட்டாங்கல்ல? எங்க அம்மா வூட்டுக்கு."

"இப்பத்தான சொன்னாங்க? ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போயேன்."

"எங்க அண்ணனுக்கு எதிரா ஓட்டுப் போடறவன் வூட்டுச் சோறு எனக்கு எதுக்கு?"

"நான் இன்னும் ஓட்டே போடலியே, தேவகி."

"போடுவல்ல?"

தாமோதரன் வலையைத் திண்ணையில் இறக்கினான். போடத்தான் போகிறான். வேறு வழி கிடையாது.

சுண்ணாம்புக்குளம் போகிற பக்கத்தில் ஏரியை ஒட்டிக் கிடக்கிறது சவுக்குமேட்டுக்குப்பம். ஊருக்கு நடுவில் ஒரே ஒரு மணல் தெரு. தெருவுக்கு மேற்கே இருக்கிற வீடுகள் மேலண்டை, கிழக்கே இருக்கிறவை கீழண்டை. மேலண்டையில் எல்லாரும் பங்காளிகள். கீழண்டையிலும் அப்படியே. ஆகவே மேலண்டைப் பையனுக்குக் கீழண்டையில் பெண், கீழண்டைப் பையனுக்கு மேலண்டையில் பெண். தீபாவளிச் சீருக்குச் சுட்ட அதிரசம் சூடு ஆறுவதற்குள் சம்பந்தி வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

கட்சியும் இரண்டேதான். வருஷத்துக்கு ஒரு முறை ஊர்த் தலைவர் தேர்தல் வரும். தலைவரை ஜனங்கள் நேரே எடுப்பதில்லை. ஒவ்வோர் அண்டையும் ஆறு பேரை அனுப்பும். அந்தப் பன்னிரண்டு பேர் மீன் ஏலக் கொட்டாயில் உட்கார்ந்து தலைவரை எடுப்பார்கள். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்றால் யார் ஜெயிப்பது? யாரும் ஜெயிக்கமாட்டார்கள். தினமும் சாயங்காலம் கூடிச் சத்தம் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். கடைசியில் யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் வரும், இல்லையென்றால் வெளியூரில் கல்யாணம் வரும். எந்தப் பக்கத்தில் ஆள் குறைகிறதோ அந்தப் பக்கம் தோற்கும். இதற்குப் பத்துப் பதினைந்து நாளாகும். அதுவரை பன்னிரண்டு பேரின் மனைவிகளும் அவரவர் அம்மா வீட்டில்தான் இருப்பார்கள். எதிர்க்கட்சிக்காரனோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாதாம். ஊர் வழக்கம். யார் ஆரம்பித்தார்கள் என்று எந்த ஆம்பளைக்கும் தெரியாது.

தாமோதரன் மேலண்டையின் ஆறு பேரில் ஒருவன். அந்தக் கட்சியின் வேட்பாளர் அவனுடைய பெரியப்பா மகன் முத்து. கீழண்டையின் வேட்பாளர் தேவகியின் அண்ணன் ராஜவேலு.

தேவகி பாதித் தெரு போய்விட்டுத் திரும்பி நின்றாள்.

"போன வருஷம் தேர்தல் முடிஞ்ச அன்னிக்கே வந்து எங்கம்மா வாசல்ல நின்ன. இந்த வாட்டி அப்டி வந்து நிக்காத. வரணும்னு தோணுச்சின்னா நானே வரேன்."

திரும்பி வரவே மாட்டாளோ என்று தாமோதரன் பயந்துபோனான். ஒரு பெண்டாட்டி நடுத்தெருவில் நின்று சொல்லுகிற வார்த்தையா இது?

அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு பை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்தவள் ராஜவேலுவின் மனைவி செவ்வந்தி. தாமோதரனின் சொந்தத் தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு.

"மேலண்டை வாழ்க!" என்று சொல்லிக்கொண்டே செவ்வந்தி செருப்பைக் கழற்றினாள்.

உள்ளேயிருந்து அம்மா முனியம்மாள் ஓடிவந்தாள். "வாடி என் தங்கமே! இன்னாடி இப்டி எளச்சிக்கெடக்குற!"

இரண்டு பேரும் காலையில்தான் குழாயடியில் குடத்துக்குச் சண்டை போட்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் நண்டுக் குழம்பு. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. குறை எதிரில் இருந்தது. தினமும் அவன் சாப்பிடும்போது தேவகி அந்தச் சுவரோரம் உட்கார்ந்து, காற்று எப்படி இருந்தது, யார் வலையில் என்ன விழுந்தது, எவன் எவனோடு சண்டை போட்டான் என்று ஒன்று விடாமல் கேட்பாள். பதில் சொல்லிச் சொல்லியே அவனுக்கு இரண்டு கவளம் கூட இறங்கும். இப்போது அந்த இடத்தில் செவ்வந்தி காலை நீட்டிப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் காத்து எப்டி இருந்துச்சின்னு கேக்கமாட்டியா?" என்றான் தாமோதரன்.

"காத்துக்கு இன்னாண்ணா? அதுபாட்டுக்கு அடிக்கும். கொஞ்சம் தள்ளு, மறைக்குது."

தாமோதரன் பாதிச் சோற்றில் கையை உதறினான்.

மறுநாள் படகைத் தள்ளும்போது ராஜவேலுவிடம் மனம்விட்டுக் கேட்டான். கட்சி வேறானாலும் இரண்டு பேருக்கும் படகு ஒன்று.

"மச்சான், தலைவராவணும்னு உனக்கு அவ்ளோ ஆசயா?"

"எனக்கு இன்னா ஆச? உன் தங்கச்சிதான், நிக்கலேன்னா பேசமாட்டேன்னுது."

"முத்தண்ணனுக்கு?"

"அவரும் பாவம். அண்ணி புடிச்சித் தள்ளி உட்டுச்சாம்."

இதிலேயே தாமோதரன் விழித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவன் மனசெல்லாம் தேவகி நடுத்தெருவில் சொன்ன வார்த்தையில் இருந்தது. தேர்தல் முறையில்தான் கோளாறு, அதைச் சரிசெய்தால் குடும்பம் சரியாகிவிடும் என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

பஸ் நிற்கிற இடத்தில் சின்னப்பனின் டீக்கடை. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பிரசாந்த் அங்கே போனைத் தடவிக்கொண்டிருந்தான். படித்தவன், கேட்டதற்கெல்லாம் போனைப் பார்த்துப் பதில் சொல்லுவான். பன்னிரண்டு பேர் சேர்ந்து தலைவரை எடுக்கிற முறை வேறெங்காவது உண்டா என்று தாமோதரன் கேட்டான்.

"நாட்டுக்கே அப்டித்தாண்ணா. ஜனாதிபதிய நாம நேரா எடுக்கறதில்ல. எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும்தான் எடுக்கறாங்க."

"அதுக்கோசரம் அவங்க பொண்டாட்டிங்கெல்லாம் அம்மா வூட்டுக்குப் போயிடறாங்களா?"

பிரசாந்த் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "அது இதுல போடலண்ணா."

அன்று சாயங்காலம் ஏலக் கொட்டாயில் தாமோதரன் எழுந்து நின்றான். வாழ்க்கையில் அவன் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

"பன்னெண்டு பேரு எதுக்கு? ஊர்ல எல்லாரும் நேரா ஓட்டுப் போடுவோம். பொம்பளைங்களும் போடட்டும்."

ஆண்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் கொட்டாய்க்கு வெளியே நின்றிருந்த பெண்களிடமிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், ஏரியில் உட்கார்ந்திருந்த நாரையெல்லாம் பறந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குப் பயந்தே தீர்மானம் நிறைவேறியது.

இரண்டு மீன்கூடைகள் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு கிளிஞ்சல். பிடித்தவர் கூடையில் போடவேண்டியது. எண்ணிப் பார்த்தால் இரண்டு கூடையிலும் சமம். யாரோ தப்பாக எண்ணிவிட்டார்கள் என்று மறுபடி போட்டார்கள். மறுபடியும் சமம்.

சமமாகாமல் என்ன செய்யும்? தாமோதரன் முத்துவுக்குப் போட்டான், தேவகி ராஜவேலுவுக்குப் போட்டாள். ராஜவேலு தனக்கே போட்டுக்கொண்டான், செவ்வந்தி முத்துவுக்குப் போட்டாள். புருஷன் ஒரு கூடை, பெண்டாட்டி ஒரு கூடை என்று ஒவ்வொரு வீடும் தன் ஓட்டைத் தானே தின்றுவிட்டு வெளியே வந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இதுவரை பன்னிரண்டு பேருக்குத்தான் ஓட்டு, பன்னிரண்டு பெண்கள்தான் அம்மா வீடு போனார்கள். இப்போது ஊரில் எல்லா ஆம்பளைக்கும் ஓட்டு. ஆகவே எல்லாப் பெண்களும் பையைத் தூக்கிவிட்டார்கள். மணல் தெருவில் மேற்கே போகிற பைகளும் கிழக்கே போகிற பைகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. போன மாசம்தான் கல்யாணமாகி மேலண்டைக்கு வந்த சத்யா தாமோதரனைப் பார்த்ததும் நின்று, "நீ நல்லா இருக்கணும் மாமா!" என்று கண்கலங்கச் சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்கு ஓடினாள்.

சத்யாவின் புருஷன் கையில் துடுப்போடு தாமோதரனை வெறித்துப் பார்த்தான்.

தேவகி இரண்டு நாளாகக் கண்ணிலேயே படவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தன் வீட்டில் அவள் அப்படிச் சிரித்துத் தாமோதரன் கேட்டதில்லை. அது அவனை மேலும் பயமுறுத்தியது.

"ரெண்டு கட்சி இருக்கறதாலதான் சமம் வருது" என்று மறுநாள் டீக்கடையில் அறிவித்தான். "மூணாவதா ஒரு கட்சி வேணும். எந்த அண்டையும் இல்லாத ஆளு வேணும்."

எல்லாரும் சின்னப்பனைப் பார்த்தார்கள். கடையும் வீடும் பஸ் நிற்கிற இடத்தில். கல்யாணம் ஆகவில்லை. பங்காளியும் இல்லை, மச்சானும் இல்லை.

"நான் எதுக்குப்பா?" என்றான் சின்னப்பன்.

"சும்மா பேருக்கு" என்றான் தாமோதரன்.

மூன்றாவது கட்சியில் முதல் ஆளாகத் தாமோதரனும், அவன் பின்னால் இருபது இளவட்டங்களும் சேர்ந்தார்கள். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தால், முனியம்மாள் மஞ்சப்பையில் புடவையைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கம்மா போற?"

"நான் பொறந்தது கீழண்டை. வாக்கப்பட்டது மேலண்டை. நீ ரெண்டுத்தையும் உட்டுட்டு டீக்கடைக் கட்சில சேந்துட்ட. உனக்கு எதுக்கு நான் பொங்கிப் போடணும்? எங்க தம்பி வூட்டுக்குப் போறேன்."

"உனக்கு அறுவது வயசு ஆவுதும்மா!"

"ஆனா இன்னா? தம்பி இருக்கான்ல?"

பிள்ளைகள் டீக்கடைக் கட்சியில் சேர்ந்த வீடுகளிலெல்லாம் மாமியார்களும் கிளம்பினார்கள், அதைப் பார்த்து மற்ற வீட்டு மாமியார்களும். மருமகள்கள் ஏற்கெனவே இல்லை. கீழண்டையில் தேவகியின் அம்மா அங்காளம்மாள் மட்டும்தான் போகவில்லை. மேலண்டையில் அவளுக்கு அப்பா அம்மாவும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. போவதற்கு வீடு இல்லாதவள் எங்கே போவாள்? வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தாமோதரன் தன் கையால் குழம்பு வைத்துச் செவ்வந்திக்கு ஊற்றினான்.

"உப்பு இல்லியேண்ணா."

"போட்டுக்கோ."

"நானா? நான் பொறந்த வூட்டுக்கு வந்திருக்கேண்ணா!"

ஓட்டு நடந்தது. பழைய இரண்டு பேருக்கும் மறுபடி கிட்டத்தட்டச் சமம். சின்னப்பனுக்கு இளவட்டங்களின் ஓட்டு. யாருக்கும் பாதி தேறவில்லை. பிரசாந்த் மறுபடி போனைப் பார்த்தான்.

"ரெண்டாவது யாரப் புடிக்கும்னும் கேக்கணும்ணா. மொத ஆளுக்கு ரெண்டு கிளிஞ்சல், ரெண்டாவது ஆளுக்கு ஒரு கிளிஞ்சல்."

மேலண்டைக்காரன் செத்தாலும் ராஜவேலுவை இரண்டாவதாகச் சொல்லமாட்டான். கீழண்டைக்காரன் முத்துவைச் சொல்லமாட்டான். ஊர் மொத்தத்துக்கும் இரண்டாவது சின்னப்பன்தான். எண்ணி முடித்தபோது சின்னப்பனின் கூடை நிரம்பி வழிந்தது.

தாமோதரன் மாலை வாங்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆளைக் காணோம். சேதி காதில் விழுந்ததும் திருப்பாலைவனம் பஸ்ஸில் ஏறிவிட்டானாம். போன் போட்டால் பஸ் சத்தத்துக்கு நடுவில் கத்தினான்.

"நான் ராஜினாமா! பஞ்சாயத்துக்கு வர்றவனுக்கெல்லாம் ஓசி டீ ஊத்த என்னால ஆவாது! பால இறக்கி வெச்சிடுங்கப்பா, பொங்கிடும்!"

ஆக, தலைவரும் இல்லை, சமைக்க ஆளும் இல்லை, இப்போது டீயும் இல்லை. ஊர் ஆண்கள் தாமோதரனைத் தனியாகப் பார்க்கும்போது என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

மறுநாள் விடிகாலை பாடு எடுக்கிற நாள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை விடுவது என்பதை அந்த ஊரில் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். அதற்குத்தான் பாடு என்று பேர். வீட்டுக்கு ஒரு சீட்டு, ஒரு பானை, அவ்வளவுதான். தாமோதரனுக்கு அன்று விழுந்தது சேறும் பாசியும் தவிர வேறெதுவும் அகப்படாத மூலை. பக்கத்தில் முத்துவுக்கு எறா கொழிக்கிற வாய்க்கால் முனை.

"உன் நேரம்ணா" என்று சிரித்துவிட்டுத் தாமோதரன் படகில் ஏறினான். ஏறினவன் ஒரு காலைத் தண்ணீரில் விட்டபடி அப்படியே நின்றுவிட்டான்.

'நான் ஏன் சண்டை போடலை?'

படகை விட்டுக் குதித்துக் கரைக்கு ஓடிவந்தான்.

"எல்லாரும் நில்லுங்க! இந்த ஏரிதான நமக்குச் சோறு போடுது? அத்தையே சீட்டு எடுத்துத்தான பங்கு போட்டுக்கறோம்? மோசமான எடம் வந்தா, அடுத்த வாட்டி நல்லது வரும்னு பேசாம போறோம். எவனாவது அடிச்சிக்கறோமா? தலைவர் பதவி இன்னா, இந்த ஏரிய விடப் பெருசா?"

ராஜவேலுவும் முத்துவும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். "இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடா?" என்று முத்து அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

எல்லா வீட்டுப் பேரையும் அதே பானையில் போட்டுக் குலுக்கினார்கள். விக்கி என்று வந்தது. விக்கி தூரத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். போய்ச் சொன்னார்கள். "அப்டியா? சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணியைக் கோத்தான். இந்த வருஷம் தலைவரானவன் பேர் பானையில் மறுபடி விழாது, எல்லா வீட்டுக்கும் முறை வரும். ஆகவே தேர்தல் கிடையாது, பன்னிரண்டு பேர் கிடையாது, மேலண்டைக் கட்சி, கீழண்டைக் கட்சி எதுவும் இனி எக்காலத்திலும் கிடையாது என்று ஆண்கள் எல்லாரும் ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளிச் சத்தியம் செய்தார்கள். ஏரி மேல் செய்த சத்தியத்தை அந்த ஊரில் யாரும் மீறியதில்லை.

பெண்கள் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை கூச்சல் எதுவும் வரவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று தாமோதரன் நினைத்தான்.

தெருவில் பைகள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. யார் முகத்திலும் ஈயாடவில்லை. முனியம்மாள் மஞ்சப்பையோடு மகனைத் தாண்டிப் போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லா இருக்கணும் என்று வாழ்த்திய சத்யா, மீன் கழுவின தண்ணீரை அவன் காலருகில் வீசிக் கொட்டினாள்.

"பாத்தும்மா" என்றான் தாமோதரன்.

"பாத்துத்தான் ஊத்தறேன்" என்றாள் சத்யா.

தாமோதரன் மாமியார் வீட்டுக்குப் போனபோது தேவகி மணைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்காளம்மாள் பக்கத்தில் குந்தி, நண்டை உடைத்து உடைத்து மகளின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் தேவகியின் கை நின்றது.

"வராதன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. இருக்க முடியல, வந்துட்டேன்." தாமோதரன் அவள் எதிரில் உட்கார்ந்தான். "நீ இல்லாம வூடு வூடா இல்ல தேவகி. சோறு எறங்கல. காத்து எப்டின்னு கேக்கக்கூட நாதி இல்ல. நீ திரும்பி வரமாட்டியோன்னு பயந்துட்டேன். அதுக்குத்தான் இவ்ளோ பாடு பட்டேன்."

தேவகியின் முகம் இளகிவிட்டது. "எனக்கு மட்டும் உன்ன உட்டுட்டு இருக்க முடியுமாய்யா? நெதம் ஜன்னலண்ட நின்னு, உன் படகு வந்துச்சான்னு பாத்துட்டுத்தான் சோத்துல கைய வெப்பேன்."

"அப்ப இன்னா? கெளம்பு! இனிமே நம்மளப் பிரிக்க ஆளே கெடையாது. தேர்தலையே ஒழிச்சிட்டேன். ஏரி மேல சத்தியம். இனிமே நீ ஆயுசுக்கும் இங்க வந்து தங்கவேண்டியதே இல்ல!"

தேவகியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"அய்யோ, இன்னாத்துக்கு அழுவுற? அண்ணன் தலைவர் ஆவலேன்னா?"

"அவன் ஆனா இன்னா, ஆவாட்டி இன்னா" என்று தேவகி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

தாமோதரன் ஒன்றும் புரியாமல் மாமியாரைப் பார்த்தான். இத்தனை நாள் கலவரத்திலும் வாயே திறக்காத அங்காளம்மாள், கையிலிருந்த நண்டுக்காலைக் கீழே வைத்தாள்.

"எதிர் வூட்ல இருக்கற அம்மாவப் பாக்கப் பொண்டாட்டிய எவன் நாலு நாள் தங்க அனுப்பறான் மாப்ள? அதுக்கோசரம்தான் எங்க மாமியாருங்க காலத்துலேர்ந்து, இந்த ரெண்டு கட்சியையும் பொம்பளைங்க நாங்களே சேந்து நடத்திக்கினு வரோம்!"